பழசு யாருக்கு?

விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பம் டவுனில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பம்தான் என்றில்லை. கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று அந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஊராக இருந்தாலும் சரி. இருட்டு பிரியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று ரோடுகளிலும் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். மடியில் தூக்குவாளி. தலையில் துண்டு. சேலைக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டை.

இந்த வாரம் நாம் பேசப்போவது அந்தச் சட்டையைப் பற்றி.

அது புருஷனுடைய சட்டையாக இருக்கும். இல்லையென்றால் மகனுடையது. இனிமேல் ஒரு விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது என்ற நிலை வந்ததும் அது வேலைச் சட்டையாகிவிடும். கை நீளமாக இருந்தால் அளவுக்கு மடித்துத் தைத்துக்கொள்வார்கள். போன பட்டனுக்குப் பதிலாக வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு பட்டன். மலைப் பனி, மத்தியான வெயில், கொசு, செடியின் உரசல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது அந்த முழுக்கைதான். மலைமேல் மட்டுமா? கீழே நடவு வயலிலும் இதே உடுப்புதான். தமிழ்நாடு முழுக்கவே காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் தங்களுக்காகத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட சீருடை அது.

நகரத்தில் இந்த மாதிரி வேலைக்கு இப்போது ஒரு பெயர் வந்திருக்கிறது. அப்சைக்ளிங். ரீசைக்ளிங் என்றால் துணியைக் கிழித்து, நாராக்கி, மறுபடியும் நூலாக்குவது. அதற்கு மெஷின் வேண்டும், மில் வேண்டும். அப்சைக்ளிங் என்றால் துணியைத் துணியாகவே வைத்துக்கொண்டு, வெட்டித் தைத்து இன்னொரு உடுப்பாக்குவது. கத்தரியும் ஊசியும் இருந்தால் போதும். புடவை சுடிதாராகும். ஜீன்ஸ் தோள்பையாகும். இதற்கு வகுப்புகள் நடக்கின்றன, வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஏலத்தோட்டத்துக்குப் போகிற அக்காவிடம் போய் 'நீங்க பண்ணியிருக்கிறது அப்சைக்ளிங்' என்று சொல்லிப் பாருங்கள். 'இது பழைய சட்டைப்பா' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'பழசு' என்கிற வார்த்தை இருக்கிறதே, அது நம் வாயில் ஒரே நாளில் இரண்டு விதமாக வரும். 'அம்மாவோட பழைய சேலை' என்று சொல்லும்போது குரல் குழைகிறது. 'ஏதோ பழசு, கொடுத்துட்டேன்' என்று சொல்லும்போது கை உதறுகிறது. துணி ஒன்றுதான். ஒரு இடத்தில் பாசமாகவும் இன்னொரு இடத்தில் அவமானமாகவும் அது எப்படி மாறுகிறது? பழைய துணியைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

நம் வீட்டு வழக்கம் ஒன்றைப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு முதலில் என்ன உடுத்துகிறோம்? புதுத்துணி இல்லை. தாத்தாவின் பழைய வேட்டியையோ பாட்டியின் பழைய நூல் சேலையையோ துவைத்து, காயவைத்து, கிழித்து அதில்தான் சுற்றுகிறோம். காரணம் எளிமையானது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும், மொரமொரப்பு இருக்கும். நூறு தடவை துவைத்த பருத்தித் துணியின் மெத்து எந்தப் புதுத்துணிக்கும் வராது. அப்புறம் தூளி. அதுவும் பழைய சேலைதான். அதன் மெதுமைக்குக் குழந்தை தூங்குகிறதா, அதிலிருக்கிற அம்மாவின் வாசனைக்குத் தூங்குகிறதா என்று யாரும் ஆராய்ச்சி பண்ணுவதில்லை.

மனிதன் செத்தால்? கோடித்துணி. கடையிலிருந்து வாங்கி வந்த, ஒரு தடவைகூடத் தண்ணீர் படாத துணி.

பிறந்த உயிருக்குப் பழசு, செத்த உடம்புக்குப் புதுசு. இதை யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் ஆச்சர்யமாக இருக்கிறது இல்லையா? வீட்டிலேயே எது நமக்கு உசத்தியோ, எதைக் கையில் தூக்கவே பயந்து பயந்து தூக்குகிறோமோ, அதற்குப் பழைய துணியைக் கொடுத்திருக்கிறோம். ஆகவே, பழசு கொடுப்பதே கேவலம் என்று சொல்லிவிட முடியாது.

இப்போது இன்னொரு காட்சி. 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் கடற்கரையில் வீடும் படகும் போய், கட்டின துணியோடு நின்றார்கள் ஜனங்கள். நாடே பதறிப்போய் லாரி லாரியாகத் துணி அனுப்பியது. அதில் பெரும்பகுதி பழைய துணி. கிழிந்தது, கறை படிந்தது, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத வகை உடுப்பு எல்லாம் அதில் இருந்தன. மீனவ ஜனங்கள் அதை வாங்க மறுத்தார்கள். துணி மூட்டைகள் ரோட்டோரத்தில் குவிந்து, மழையிலும் வெயிலிலும் கிடந்தன. டெல்லியில் 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு பிறகு அந்தக் குவியல்களை எடுத்துப் பிரித்து உபயோகமாக்கும் வேலையில் இறங்கியது.

எல்லாவற்றையும் இழந்தவர்கள், கொடுத்த துணியை ஏன் வேண்டாம் என்றார்கள்? 'இல்லாதவனுக்கு இவ்வளவு ரோஷமா' என்று அப்போது கேட்டவர்களும் இருந்தார்கள். எனக்கென்னவோ அந்த ரோஷத்தில் ஒரு தெளிவு இருந்ததாகத்தான் படுகிறது. வந்த மூட்டையில் தங்களை நினைத்து எடுத்த துணி ஒன்றுகூட இல்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அனுப்பினவர் வீட்டு பீரோவில் இடம் பண்ணுவதற்காக வெளியேறிய துணி அது. கஷ்டம் வந்தது கடற்கரைக்கு. பாரம் குறைந்தது பீரோவுக்கு.

இதே விவகாரம் இந்த நாட்டில் நூறு வருஷத்துக்கு முன்பே பெரிய மனிதர்கள் இருவருக்கு நடுவில் வந்தது. 1921 ஜூலை 31. பம்பாயில் அந்நியத் துணிகளைக் குவித்துத் தீ வைத்தார் காந்தி. ரவீந்திரநாத் தாகூருக்கு அது பிடிக்கவில்லை. கட்டத் துணியில்லாத ஜனங்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது, அவர்களுக்குச் சேர வேண்டிய துணியைக் கொளுத்த நமக்கு என்ன உரிமை என்பது அவருடைய வாதம். மேலுக்குப் பார்த்தால் யாரும் தாகூர் பக்கம்தான் நிற்போம். எரிப்பதற்குப் பதிலாக ஏழைக்குக் கொடுக்கலாமே!

அந்த அக்டோபரில் 'யங் இந்தியா'வில் காந்தி பதில் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: ஏழைக்குத் தேவை வேலை. அதைக் கொடுக்காமல் நான் கழித்துப் போட்ட துணியைக் கொடுத்தால் அது அவரை அவமதிப்பது. கொடுப்பதானால் என் உணவிலும் உடையிலும் சிறந்ததைக் கொடுத்து, அவரோடு சேர்ந்து உழைக்க வேண்டும்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இன்னொரு தேதி இருக்கிறது. அது நம்ம ஊரில் நடந்தது. 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி. கதர் வாங்கக் காசில்லையே என்று ஏழைகள் சொன்னதை யோசித்து, அன்றைக்குத்தான் காந்தி தன் உடையை முழங்கால் அளவு வேட்டியாகக் குறைத்துக்கொண்டார். தேனியும் கம்பமும் அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள்.

எரித்தது சரியா தப்பா என்று நீங்களும் நானும் இன்னும் சண்டை போடலாம். எனக்கு அதில் தாகூர் சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் கழித்துப் போட்டதைக் கொடுப்பது பற்றி காந்தி சொன்னதை என்னால் தள்ள முடியவில்லை. தன் பழசை இன்னொருவர் தலையில் கட்டுவதற்குப் பதிலாக, அவர் தன் உடுப்பையே குறைத்துக்கொண்டார். அது எல்லாருக்கும் முடிகிற காரியமில்லை. ஆனால் திசை காட்டுகிறது.

நம் அரசாங்கமும் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பொங்கலுக்கு வேட்டி-சேலை கொடுக்கும் திட்டம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983-ல் தொடங்கியது. அதில் குறைசொல்ல ஆயிரம் இருக்கலாம். ஆனால் கொடுப்பது புதுத்துணி. அதை நெய்வதில் நெசவாளிக்கு வேலை. தேனி மாவட்டத்திலேயே ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் எல்லாம் தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர்கள். ஏழைக்குப் புதுத்துணி, நெய்கிறவருக்கு வேலை. காந்தி கேட்ட இரண்டும் அதில் இருக்கிறது.

அப்படியானால் தாத்தாவின் வேட்டிக்கும் நாகப்பட்டினத்து மூட்டைக்கும் என்னதான் வித்தியாசம்?

இரண்டு வித்தியாசம் தெரிகிறது எனக்கு. ஒன்று, கை பட்டது. வேட்டியைத் துவைத்து, வெந்நீரில் அலசி, அளவு பார்த்துக் கிழித்து, மடித்து வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் தன் நேரத்தை அந்தத் துணியில் போட்டிருக்கிறார். மூட்டையில் விழுந்த துணிக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. இரண்டாவது, நானும் உடுத்துவேன் என்பது. தாத்தா நேற்றுவரை கட்டியிருந்த வேட்டி அது. அவருக்கு ஆகாதது என்று ஒதுக்கினது கிடையாது. சுனாமிக்கு அனுப்பிய அந்தக் கறை படிந்த சட்டையைத் திரும்ப உங்களிடமே கொடுத்து, 'போட்டுக்கிட்டு வாங்க, கடைக்குப் போகலாம்' என்றால் போவீர்களா?

நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளின் மதிப்பை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கழிவு மதிப்பில் நிறுத்துவோம். பழைய துணி விஷயத்தில் நாம் ஒரு கள்ளக் கணக்கு எழுதுகிறோம். நம் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம் என்று ஆனபிறகு எடுத்துக் கொடுக்கிறோம். கொடுத்ததும், தானம் என்ற தலைப்பில் முழு மதிப்புக்கு வரவு வைத்துக்கொள்கிறோம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

'கொடுக்கவும் வேண்டாம், வைக்கவும் இடமில்லை, நாங்க பாத்திரக்காரர்கிட்ட போட்டுடறோம்' என்பீர்கள். உண்மையில் அது இதைவிட யோக்கியமான வியாபாரம். நாலு பேன்ட்டுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணி என்று பேரம் பேசி வாங்குகிறோம். தானம் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஆனால் அந்தத் துணி அதோடு முடிந்துவிடுவதில்லை, எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நல்லது பழைய துணிச் சந்தைக்குப் போகும். நைந்தது மெஷின் துடைக்கப் போகும். ஹரியானாவில் பானிபட் என்ற ஊருக்கு உலகம் முழுவதிலிருந்தும் பழைய கம்பளித் துணிகள் வந்து இறங்குகின்றன. பட்டன், ஜிப் எல்லாம் கழற்றி, கிழித்து, நாராக்கி, மட்டமான நூல் இழுத்துப் போர்வை நெய்கிறார்கள். பேரிடர் வந்தால் நிவாரணமாகக் கொடுக்கிறார்களே, அந்தச் சொரசொரப்பான போர்வைகளில் கணிசமானவை அங்கிருந்து வந்தவை.

ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கன்டமன்டோ என்று ஒரு சந்தை. மேலைநாடுகளில் 'தானம்' கொடுக்கப்பட்ட துணிகள் அங்கே மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வருகின்றன. வாரத்துக்கு சுமார் 1.5 கோடி உருப்படிகள் என்று அங்கே வேலை செய்யும் ஒரு தன்னார்வ அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அந்தத் துணிகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயருக்கு அர்த்தம், 'செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி'. இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருக்கிறவன் எவனாவது தூக்கிப் போடுவானா, செத்திருப்பான் என்று நினைத்தார்களாம். பாவம், வெள்ளைக்காரன் உயிரோடுதான் இருந்தான். ஷாப்பிங் போயிருந்தான்.

சிரிக்க வேண்டாம். நாமும் இப்போது அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம். 2000-க்கும் 2015-க்கும் நடுவில் உலகத்தில் துணி உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017-ம் வருஷ அறிக்கை சொல்கிறது. அப்படித் தயாராவதில் மறுபடி உடுப்பாகத் திரும்பி வருவது 1 சதவிகிதத்துக்கும் கீழே. ஒரு பருத்திச் சட்டைக்கான பஞ்சு விளைவதிலிருந்து தைத்து முடிப்பதுவரை 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று ஒரு மதிப்பீடு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்காக வருஷம் முழுக்க அணை மட்டத்தைப் பேப்பரில் பார்த்துக்கொண்டிருக்கிற பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு, 2,700 லிட்டர் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, வாங்கின துணிக்குக் கடைசிவரை பொறுப்பு வாங்கினவர்தான் என்று நான் நினைக்கிறேன். வீட்டிலேயே பழசை வேறு உடுப்பாக்குவதன் தர்மம் அங்கேதான் இருக்கிறது. காசு மிச்சம், பூமிக்கு நல்லது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. என் பாரத்தை இன்னொருவர் முதுகில் மாற்றாமல் நானே சுமக்கிறேன் என்பதுதான் முதலில்.

நம் அம்மாக்களுக்கு இது கைவந்த வேலையாக இருந்தது. பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கும்போதே உள்ளே இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே வளரும். காலர் நைந்த சட்டையை டைலரிடம் கொடுத்தால், காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பார். உள்பக்கம் வெளியே வரும், சட்டைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுசு. ஐந்தரை மீட்டர் சேலையில் கொசுவமும் உட்காருகிற இடமும்தான் முதலில் நைந்துபோகும். முந்தானையும் கரையும் கல்லு மாதிரி இருக்கும். நைந்ததை ஒதுக்கி நல்லதை எடுத்தால் மகளுக்கு ஒரு பாவாடை, சட்டை. கரை அப்படியே பாவாடையின் அடியில் வந்து உட்காரும். மிச்சத்தில் தலையணை உறை. அதுவும் போனால் சும்மாடு. சும்மாடும் போனால் கரித்துணி. ஒரு சேலை இப்படி ஐந்து பிறவி எடுக்கும்.

இதைப் படித்ததும் 'ஆஹா, அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடப்போகிறீர்கள் என்றால், கொஞ்சம் பொறுங்கள். எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுவிடுவோம். அதில் நியாயம் நிறைய இருக்கிறது.

முதல் நியாயம், ஒட்டுத்துணி உடுத்தி வளர்ந்தவர்களுடையது. அண்ணன் டவுசரை வெட்டிச் சின்னதாக்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பையனுக்கு அது அப்சைக்ளிங் இல்லை. பின்பக்கம் போட்ட ஒட்டை மறைக்கப் புத்தகப்பையை இறக்கித் தொங்கவிட்டு நடந்த வேதனை அது. அப்படி வளர்ந்த ஒருவர் இன்றைக்குத் தன் பிள்ளைக்கு வருஷத்துக்குப் பத்து செட் துணி எடுக்கிறார் என்றால், அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பீரோவில் இருபது சட்டை வைத்திருப்பவன் இரண்டு சேலை வைத்திருப்பவளிடம் போய்ச் சிக்கனத்தைப் போதிப்பது நீதியே இல்லை. பழசை உடுத்தும் கடமை எல்லாருக்கும் சமமானது கிடையாது. பீரோவில் உருப்படி கூடக்கூட அந்தக் கடமையும் கூடும்.

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போர் சமயம் 1941-ல் துணிக்கு ரேஷன் கொண்டுவந்தார்கள். 1949 வரை அது இருந்தது. இருக்கிறதைச் சரிபண்ணி உடுத்துங்கள் என்று 1943-ல் அரசாங்கமே கையேடு போட்டுச் சொல்லிக் கொடுத்தது. ஒட்டுப் போட்ட கோட்டு அப்போது அங்கே தலைகுனிவாக இருக்கவில்லை. ஏனென்றால் கூப்பன் பணக்காரருக்கும் உண்டு, கூலிக்காரருக்கும் உண்டு. எல்லாரும் உடுத்தினால் பழசு கௌரவம். ஏழை மட்டும் உடுத்தினால் அது முத்திரை.

இரண்டாவது நியாயம், தைக்கிற கையினுடையது. மேலே நான் அடுக்கிய பாவாடை, தலையணை உறை, சும்மாடு எல்லாம் யார் செய்த வேலை? ஒரு இடத்திலாவது 'அப்பா தைத்தார்' என்று வந்ததா? ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு ஊசியும் நூலுமாக உட்கார்ந்தது அம்மாதான். சம்பளமில்லாத அந்த வேலையை 'நம் பாரம்பரியம்' என்று நாம் சுலபமாகப் புகழ்ந்துவிடுகிறோம். ஏலத்தோட்டத்துச் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சட்டை அவருக்கு வந்தது. அவர் போட்டுக் கழித்தபிறகு அது இவருக்கு வந்தது. அவர் உடம்பு அளவிலிருந்து தன் அளவுக்குத் தைத்துக்கொண்டதும் இவரே. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, அவளுடைய அளவில், அவளுக்கென்று தைத்த ஒரு முழுக்கை உடுப்பு ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயும் பழசு யாருக்குப் போகிறது என்று பார்த்தால் நாம் கொஞ்சம் தலைகுனியத்தான் வேண்டும். ஆகவே ஐயா, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டம்மாவிடம் போய் 'இனிமே பழசெல்லாம் தைக்கணும்' என்று உத்தரவு போடாதீர்கள். ஒரு பட்டன் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது, அப்சைக்ளிங்கே ஒரு ஷாப்பிங்காகிவிடுவது. பழைய ஜீன்ஸை ஒரு பையாக்குவதற்குப் புது லேஸ், புது ஜிப், புது லைனிங், மணி, குஞ்சம் என்று முந்நூறு ரூபாய்க்கு வாங்கி, யாருக்கும் தேவைப்படாத ஏழாவது பையைத் தைத்து முடிப்பது. இன்னும் இரண்டு வருஷம் கட்டக்கூடிய நல்ல நூல் சேலையை, போட்டோவுக்காக வெட்டிக் கவுன் தைப்பது. வேறு எதையும் பண்ணுவதற்கு முன்பு, இருக்கிற துணியை இருக்கிறபடியே இன்னும் கொஞ்ச நாள் உடுத்துவதுதான் எல்லாவற்றிலும் மேலான அப்சைக்ளிங். அதற்குக் கத்தரிகூட வேண்டாம்.

நாலாவது, 'எல்லாரும் பழசையே தைச்சுக்கிட்டா, சக்கம்பட்டித் தறி என்னாகும்?' நியாயமான கேள்வி. குறைத்து வாங்குங்கள், ஆனால் அடுத்த பிறவி எடுக்கக்கூடியதாக வாங்குங்கள் என்பது என் பதில். நாலு பாலியஸ்டர் சேலைக்குப் பதிலாக ஒரு கைத்தறி நூல் சேலை. பாலியஸ்டர் கிழியாது, சரிதான். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே குழந்தைத் துணியாகாது, கரித்துணியாகவும் ஆகாது. கடைசியில் வெள்ளாமைக் காட்டைச் சுற்றி வேலியாகக் கட்டுவார்கள். அங்கே கிழிந்து காற்றில் பறந்து மண்ணில் கிடக்கும், மக்காது. கடையில் துணி எடுக்கும்போது விலையைக் கேட்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம். 'இது பழசானால் என்னவாகும்' என்று ஒரு கேள்வியைக் கூடவே கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு அளவில்லாமல் போன, ஆனால் நல்ல நிலையில் இருக்கிற துணி மிஞ்சத்தான் செய்யும். அதைக் கொடுக்கவே கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம். துவைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு, 'இது உங்களுக்குப் பிடிச்சிருக்கா' என்று கேட்டுக் கொடுங்கள். 'வேண்டாம்' என்று அவர் சொல்ல இடம் இருக்க வேண்டும். திருநெல்வேலியில் 2017-ல் 'அன்புச் சுவர்' என்று ஒன்று வைத்தார்களே, அதில் எனக்குப் பிடித்தது அதுதான். யாரும் யார் கையிலும் திணிக்கவில்லை. வேண்டியவர் வந்து, பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். கூஞ்ச் அமைப்பும் கிராமங்களில் குளம் வெட்டுவது, பாதை போடுவது மாதிரியான ஊர் வேலைகளுக்குப் பிரதியாகத்தான் துணி கொடுக்கிறது. வாங்குகிறவர் நிமிர்ந்து நின்று வாங்கும்படி கொடுப்பதில் இவ்வளவு யோசனை இருக்கிறது.

தீபாவளி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? புதுசை உடுத்திக்கொண்டு பழசைக் கொடுக்கிறோம். வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு, வாட்ச்மேனுக்கு, அவர் பிள்ளைகளுக்கு. இந்த வழக்கத்தை ஒரே ஒரு உருப்படி அளவுக்கு மட்டும் திருப்பிப் பார்க்கலாமா? வீட்டில் ஒருவர், பீரோவில் இருக்கிற பழசில் ஒன்றை வெட்டித் தைத்துத் தனக்கு ஒரு தீபாவளி உடுப்பாக்கிக்கொள்ளட்டும். ஒரு சட்டையோ, சுடிதாரோ எதுவானாலும் சரி. தைக்கத் தெரியாவிட்டால் தெருமுனை டைலருக்குக் கூலி கொடுங்கள். அவருக்கும் அது வேலைதான். அதில் மிச்சமாகிற ஒரு துணியின் காசுக்கு, கடைக்குப் போய், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எடுக்கிற அதே கடையில், அதே கவனத்தோடு, புதுசாக ஒன்று எடுத்துக் கொடுங்கள். அளவு கேட்டு எடுங்கள். என்ன கலர் பிடிக்கும் என்றும் கேளுங்கள்.

பண்டிகை நாளில் நீங்கள் பழசிலும் அவர் புதுசிலுமாக வாசலில் எதிரெதிரே நின்று பேசும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் கூச்சமாக இருந்தால், இத்தனை வருஷமாக அந்தக் கூச்சம் யாரிடம் இருந்தது என்பது புரிந்துவிடும்.